ரீஃபர்பிஷ்ட் ஐபோனா, புதுப் போனா? வன்னியில் இருந்து வாங்குகிறவருக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். புதுக்குடியிருப்பில் இருக்கிறீர்கள், தங்கச்சிக்கு வவுனியாப் பல்கலைக்கழகம் கிடைத்திருக்கிறது, கையில் 80,000 ரூபாய் வரை இருக்கிறது. அந்தக் காசுக்கு ரீஃபர்பிஷ்ட், அதாவது பாவித்ததைப் புதுப்பித்த, ஐபோன் 11 ஒன்றைக் கொழும்பில் இருந்து கூரியரில் அனுப்புகிறோம் என்கிறார்கள், புதுச் சாம்சங் ஏ16 என்றாலும் அந்தக் காசுக்குள் அடங்குகிறது, எதை எடுப்பது என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசியில் "பழுதானா இங்க செய்யலாமோ" என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் முதல் கேள்வியாகப் படுகிறது. நான் கிளிநொச்சியில் போன் திருத்துகிறவன், கன வருசமாக இதே வேலைதான். புதுசாக விற்கும்போது எந்தப் போன் எப்படி மினுங்குகிறது என்பதை விட, வாங்கி ஒரு வருசம் ஒன்றரை வருசம் கழித்து அது என்ன நிலையில் என் மேசைக்கு வருகிறது என்பதுதான் எனக்கு நன்றாகத் தெரிந்த விசயம், அந்த இடத்தில் நின்றுதான் சொல்கிறேன்.

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். உங்கள் நிலைமைக்குப் புதுப் போன்தான். அதற்காக ரீஃபர்பிஷ்ட் எல்லாம் குப்பை என்று நான் சொல்ல மாட்டேன், சில பேருக்கு நானே பழைய போன் பார்த்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன், அது எப்போது சரிவரும் என்றும் கீழே எழுதுகிறேன்.

முதலில் இந்த ரீஃபர்பிஷ்ட் என்று விற்கிற சாமான் என்ன என்று பார்ப்போம். அப்பிள் கம்பனி தானே பழைய ஐபோன்களை எடுத்து, புதுப் பற்றரியும் புது வெளிக்கூடும் போட்டு, சோதித்து, ஒரு வருச வொறன்ரியோடு விற்கிற ஒரு வகை இருக்கிறது. அது நல்ல சாமான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது அப்பிள் நேரடியாக விற்கிற நாடுகளில் கிடைப்பது, இலங்கையில் அப்பிளுக்கு சொந்தக் கடையே இல்லை. இங்கே அந்தப் பெயரில் வருபவை பெரும்பாலும் வெளிநாட்டில் மொத்தமாக வாங்கிய பாவித்த போன்கள். சிலதைத் துடைத்து மட்டும் விடுவார்கள், சிலதுக்கு டிஸ்பிளே மாற்றுவார்கள், பற்றரி மாற்றுவார்கள், பெட்டியும் புதுசாக அடித்துப் போடுவார்கள். 2022இல் ரூபாய் விழுந்து, பிறகு 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமாகி, புதுப் போன் விலை கைக்கு எட்டாமல் போனதோடு இந்த வியாபாரம் நன்றாகப் பெருத்துவிட்டது. ஜப்பானில் இருந்து வருகிற ரீகண்டிஷன் வாகனத்துக்கு ஏலத் தாள் என்று ஒன்று இருக்கும், எத்தனை கிலோமீற்றர் ஓடியது, எங்கே அடிபட்டது என்று பார்த்து வாங்கலாம். போனுக்கு அப்படி ஒரு தாள் கிடையாது. "ஏ கிரேட்" என்று கடைக்காரர் சொல்வது அவர் கண்ணால் பார்த்துப் போட்ட மதிப்பு, அவ்வளவுதான்.

சரி, பற்றரிக்கு வருவோம், ஏனென்றால் என்னிடம் வருகிற பழைய போன்களில் அதிக முறைப்பாடு அதில்தான். இது எந்தக் கம்பனி என்றாலும் மாறாத இரசாயனம், லிதியம் பற்றரி பாவிக்கப் பாவிக்கத் தேயும். ஐபோன் 14 வரைக்கும் உள்ளவற்றுக்கு அப்பிளே சொல்லும் கணக்கு, 500 முழுச் சார்ஜ் சுற்றுக்குப் பிறகு 80 வீதக் கொள்ளளவு மிஞ்சும் என்பது. ஐபோன் 11 வெளிவந்தது 2019 செப்ரெம்பரில். அந்தக் காலத்துப் பற்றரியே இன்னும் உள்ளே இருந்தால் அது களைத்துப் போயிருக்கும், மாற்றியிருந்தால் என்ன பற்றரி போட்டார்கள் என்பது அடுத்த கேள்வி. எங்கள் பக்கத்து வெயிலையும் சேர்த்துப் பாருங்கள். சுற்றாடல் வெப்பம் 35 பாகைக்கு மேலே போனால் பற்றரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையலாம் என்று அப்பிள் எழுதியே வைத்திருக்கிறது. சித்திரை வைகாசியில் வன்னியில் 35 பாகை என்பது அதிசயமில்லை, பஸ் யன்னல் ஓரத்தில், மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் இருக்கும் போனுக்குள் அதைவிடக் கூடச் சூடு. அதனால் குளிர் நாட்டில் நாலு வருசம் ஓடிய போன் இங்கே வந்து அதே மாதிரி ஓடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. புதுசாக இருந்த காலத்திலேயே ஐபோன் 11இன் பற்றரி 3,110 மில்லி அம்பியர் மணி, ஏ16இல் இருப்பது 5,000. இரண்டும் வேறு வேறு விதமாக மின்சாரத்தைச் செலவழிப்பவை, அதனால் எண்ணை மட்டும் வைத்து நேராக ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் விடுதி அறையில் ஒரு பிளக்குக்கு நாலு பேர் காத்திருக்கும்போது எது கைகொடுக்கும் என்று உங்களுக்கே விளங்கும்.

"பற்றரி ஹெல்த் 100 வீதம்", அதாவது பற்றரியின் கொள்ளளவு புதுசில் இருந்த மாதிரியே இருக்கிறது, என்று படம் அனுப்பியிருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த எண்ணை நான் நம்புவதில்லை. மாற்றுப் பற்றரிக்குப் பழைய பற்றரியின் சின்னப் பலகையை எடுத்து ஒட்டி, எண்ணையும் திருத்தி எழுதிவிடுகிற கருவி சந்தையில் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுப் போன் 100 காட்டினால் ஒன்று பற்றரி மாற்றியிருக்கிறார்கள், இல்லையென்றால் எண்ணை மாற்றியிருக்கிறார்கள். மாற்றியது தரமான பற்றரி என்றால் அது நல்லதுதானே என்று கேட்பீர்கள், நல்லதுதான், ஆனால் எது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. மலிவுப் பற்றரி போட்ட போன்கள் என்னிடம் எப்படி வருகின்றன தெரியுமா? டிஸ்பிளேயின் ஒரு ஓரம் மெல்லிசாக எழும்பி நிற்கும், நகம் ஒன்று நுழைகிற அளவு இடைவெளி, அந்த ஓரத்தை அமத்தினால் திரையில் வெளிச்சம் மஞ்சளாகக் கலங்கும். திறந்தால் உள்ளே பற்றரி காற்றடைத்த பை மாதிரி ஊதிப்போய்க் கிடக்கும். அப்படி ஊதிய போனை ஒரு நாளும் அமத்தி மூடப் பார்க்க வேண்டாம், சார்ஜிலும் போட வேண்டாம், உடனே திருத்துகிறவரிடம் கொண்டு போக வேண்டும்.

இனி ஐபோன் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஐபோன் 11இல் இருக்கிற ஏ13 சிப், சாம்சங் ஏ16இன் 4ஜி மாடலில் இருக்கிற ஹீலியோ ஜி99 சிப்பை விட இன்றைக்கும் வேகம் கூடியது. வீடியோவும் ஐபோனில் தெளிவு. தங்கச்சி வீடியோ எடுத்து வெட்டி ஒட்டுகிற வேலை செய்கிறவ என்றால் இந்த இடத்தில் நானும் யோசித்திருப்பேன். ஆனால் பல்கலைக்கழகத்துப் பிள்ளைக்கு வேண்டியது விரிவுரைக் குறிப்புகளைத் திறக்க, சூம் வகுப்புக்கு நிற்க, வட்ஸ்அப் குழுக்களில் வந்து குவிகிற கோப்புகளை வைத்திருக்க ஒரு போன். உங்களுக்குச் சொன்ன ஐபோன் 64 ஜிபி, அதில் மெமரி கார்ட் போட இடமே இல்லை. ஏ16இல் 128 ஜிபி இருக்கிறது, கார்ட்டும் போடலாம். ஒரேயொரு விசயம், ஏ16ஐ 4 ஜிபி ரேமோடு (செயலிகள் ஓடும்போது போன் பாவிக்கிற தற்காலிக நினைவகம்) எடுக்க வேண்டாம். இரண்டு வருசத்தில் இழுக்கத் தொடங்கும், பிறகு "சாம்சங் ஸ்லோ" என்று பிள்ளை குறை சொல்லும். 6 அல்லது 8 பாருங்கள்.

அடுத்தது மென்பொருள் ஆயுள், இதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. 2024 கடைசியில் வந்த ஏ16க்கு ஆறு வருசம் பாதுகாப்பு அப்டேற் தருவதாகச் சாம்சங் சொல்லியிருக்கிறது, அது 2030 வரை போகும், நாலு வருசப் படிப்பு முடிந்த பிறகும் போனில் உயிர் இருக்கும். ஐபோன் 11க்கு 2025இல் வந்த ஐஓஎஸ் 26 என்ற ஐபோன் இயங்குதளம் கிடைத்தது, ஆனால் அதே முறை அதற்கு முந்திய எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் இரண்டையும் அப்பிள் கைவிட்டுவிட்டது. ஐஓஎஸ் 26 கிடைத்தவற்றில் மூத்த தொகுதி 11தான். அடுத்த முறை வெட்டுவார்களா, அதற்கடுத்த முறையா என்பது அப்பிளின் கையில். அப்டேற் நின்ற அன்றைக்கே போன் செத்துவிடாது, சில வருசம் ஓடும், ஆனால் வங்கிச் செயலிகளும் வட்ஸ்அப்பும் ஒவ்வொன்றாகக் கைவிடத் தொடங்கும். 2025இல் வட்ஸ்அப் ஐஓஎஸ் 15.1க்குக் கீழே நிற்கிற ஐபோன்களை விட்டபோது, 5எஸ், 6 மாடல்களை வைத்திருந்தவர்களுக்கு அது நடந்தது.

எல்லாவற்றையும் விட எனக்குப் பயமானது பூட்டுத்தான். விசுவமடுப் பக்கம் ஒரு பொடியன், கொழும்பில் ஒரு கடையில் நல்ல ஐபோன் ஒன்று வாங்கி வந்து இரண்டு மாதம் பாவித்தான். ஒரு நாள் எல்லாவற்றையும் அழித்துப் புதுசாகத் தொடங்குவோம் என்று ரீசெற் பண்ணினான். திரும்ப வந்தபோது திரையில் ஏதோ ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் பெயர், இந்தப் போன் எங்கள் நிர்வாகத்தின் கீழ் இருக்கிறது என்று. அது ஒரு கம்பனி தன் ஊழியர்களுக்குக் கொடுத்த போன், பதிவை நீக்காமலே விற்றுவிட்டார்கள். விற்ற கடை தற்காலிகமாக அதைத் தாண்டி வைத்துக் கொடுத்திருக்கிறது. கடைக்குப் போன் எடுத்தால் வொறன்ரி முடிந்துவிட்டதாம். என்னால் செய்ய ஒன்றுமே இருக்கவில்லை, உரிமையுள்ள நிறுவனம் விடுவிக்காமல் அதை ஒழுங்கான வழியில் யாரும் திறக்க முடியாது. முந்திய சொந்தக்காரரின் அப்பிள் கணக்கோடு போனைக் கட்டி வைக்கிற ஐகிளவுட் பூட்டும் அப்படித்தான். அன்ட்ரொயிட்டில் கூகுள் கணக்குப் பூட்டு இருக்கிறது. அதனால் பாவித்த போன் எதுவானாலும், காசு கொடுக்க முன்னம் உங்கள் கண் முன்னாலேயே முழுக்க ரீசெற் செய்யச் சொல்லுங்கள், வைஃபையில் இணைத்து, தொடக்கத் திரையில் இருந்து முகப்புத் திரை வரைக்கும் யாருடைய கணக்கையும் கேட்காமல் போகிறதா என்று பாருங்கள். அதற்குக் கடைக்காரர் சாட்டுச் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

இன்னொன்று வெளிநாட்டு நெற்வேர்க் பூட்டு. அமெரிக்காவில் தவணைக்கு எடுத்த போன்கள் இன்னும் அந்தந்த நிறுவனத்துக்குப் பூட்டியபடி வருகின்றன, அதற்குள் சிம்மோடு மெல்லிய சிப் ஒன்றை வைத்து ஓட்டி விற்பார்கள். அப்டேற் ஒன்று வந்தால் சிக்னல் போய்விடும். சிம் தட்டில் சிம்மைத் தவிர வேறு ஏதாவது ஒட்டியிருந்தால் அந்தப் போன் வேண்டாம். கனடாவில் 2017 டிசம்பரில் இருந்தும், பிரித்தானியாவில் 2021 டிசம்பரில் இருந்தும் பூட்டிய போன் விற்கத் தடை இருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு அங்கே ஒரு மாமாவோ சித்தியோ இருக்கிறார்கள். சொந்தக்காரர் தான் வாங்கித் தானே பாவித்த போனைத் தருகிறார் என்றால், கடையில் இருக்கிற எந்த ரீஃபர்பிஷ்டையும் விட அது நம்பிக்கையானது, அதன் வரலாறு தெரிந்த ஆள் ஒரு அழைப்புத் தூரத்தில் இருக்கிறார். அவருடைய கணக்கில் இருந்து வெளியேறிவிட்டு அனுப்பச் சொன்னால் போதும்.

புதுசோ பழசோ, ஐஎம்இஐ இலக்கத்தை, அதாவது ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கிற அடையாள இலக்கத்தை, பார்க்காமல் வாங்கக் கூடாது. *#06# அடித்தால் இலக்கம் வரும். குறுஞ்செய்தியில் ஐஎம்இஐ என்ற நாலு எழுத்தையும் ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடம் விட்டு, அந்த 15 இலக்கத்தையும் போட்டு 1909க்கு அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் அது பதிவில் இருக்கிறதா என்று பதில் வரும். பதிவில்லாத புதுக் கருவிகளை நெற்வேர்க்கில் விடமாட்டோம் என்று ஆணைக்குழு 2025 ஜனவரியில் அறிவித்ததில் இருந்து இதை ஒரு சடங்காகப் பார்க்க ஏலாது. பெட்டியில், போனில், பில்லில் மூன்றிலும் ஒரே இலக்கமா என்றும் பாருங்கள். பில்லில் ஐஎம்இஐயை எழுதித் தராத கடை நாளைக்கு "இது நாங்கள் வித்த போன் இல்லை" என்று சொல்லும். பில் கையில் இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைத்து முறையிடலாம், இல்லாமல் முறையிட்டால் எதை வைத்துப் பேசுவது?

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன், பழுதானால் இங்கே செய்யலாமா என்பது. இரண்டு போனுக்குமே டிஸ்பிளே, பற்றரி, சார்ஜ் போர்ட் எல்லாம் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் மாற்றலாம். ஐபோன் 11இன் திரை எல்சிடி வகை என்பதால் பிற்கால ஐபோன்களை விட அதற்குச் செலவும் குறைவு. ஆனால் வொறன்ரி என்பது வேறு. புதுப் போனுக்கு இருப்பது முகவரின் வொறன்ரி, ஒரு வருசம், வாங்கிய கடையில் கொடுத்தால் அவர்கள் அனுப்பி எடுப்பார்கள். ரீஃபர்பிஷ்டுக்கு இருப்பது அந்தக் கடையின் வாய்ச்சொல், சில இடத்தில் "செக்கிங் வொறன்ரி" என்று ஏழு நாள், சில இடத்தில் ஒரு மாதம், ஆறு மாதம் என்று போட்டாலும் டிஸ்பிளேக்கும் பற்றரிக்கும் இல்லை என்று கீழே சின்னதாக எழுதியிருக்கும், பழுதாகப் போவதே அந்த இரண்டும்தான். கொழும்புக் கடை என்றால் கூரியரில் திருப்பி அனுப்பி, அவர்கள் பார்த்து, தண்ணி பட்டிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் நீங்கள் புதுக்குடியிருப்பில் இருந்து என்ன செய்வீர்கள்? பொதியைக் காசு கொடுத்த பிறகுதான் உடைக்கவும் விடுவார்கள். அதனால் ஒன்று செய்யுங்கள், போனை உங்கள் ஊரிலும் வாங்க வேண்டாம், கொழும்பிலும் வாங்க வேண்டாம். தங்கச்சி இருக்கப் போவது வவுனியாவில். அவவைக் கொண்டுபோய் விடுகிற அன்றைக்கு வவுனியா ரவுனிலேயே இரண்டு மூன்று கடை ஏறிப் பார்த்து எடுங்கள். பழுது வந்தால் வகுப்பு முடிந்து வந்து அவவே கொண்டுபோய்க் கொடுப்பா, நீங்கள் ஒட்டுசுட்டான், மாங்குளம் என்று பஸ் மாறி அலையத் தேவையில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஐபோன்தான் வேண்டும் என்று பிள்ளை நின்றால், கோபிக்க வேண்டாம், கூட்டாளிகள் எல்லாம் வைத்திருக்கும்போது ஆசை வரும்தான். அப்போதும் கூரியர் வேண்டாம், கையில் எடுத்துப் பார்க்கக் கூடிய கடை வேண்டும், அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். செற்றிங்ஸில் ஜெனரல், அதற்குள் அபௌட் என்று போனால் மாடல் இலக்கம் இருக்கும். முதல் எழுத்து எம் என்றால் சில்லறையில் புதுசாக விற்றது, எஃப் என்றால் அப்பிளே புதுப்பித்தது, என் என்றால் மாற்றாகக் கொடுத்தது. அதே பக்கத்தில் பாகங்களின் வரலாறு என்று ஒரு பகுதி வந்து, "தெரியாத பாகம்" என்று காட்டினால் டிஸ்பிளேயோ பற்றரியோ அசல் இல்லை, அதை வைத்து விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஃபேஸ் ஐடியை உங்கள் முகத்துக்குப் புதுசாகப் பதிந்து பாருங்கள். அது வேலை செய்யாவிட்டால் சின்னப் பழுது என்று சொல்வதைக் கேட்காதீர்கள், அந்தப் பாகம் உள்பலகையோடு சோடி சேர்ந்தது, வெளியில் திருத்துவது பெரும்பாடு. சிம் தட்டை வெளியே இழுத்துவிட்டு அந்தத் துவாரத்துக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள், உள்ளே ஒரு சின்ன ஒட்டுத் துண்டு தெரியும். வெள்ளையாக இருந்தால் நல்லது, சிவந்திருந்தால் தண்ணி போயிருக்கிறது. ஒரு அழைப்பு எடுத்துக் காதில் வைக்கும்போது திரை அணைகிறதா, எதிர்ப்பக்கத்துக்கு உங்கள் குரல் தெளிவாகப் போகிறதா என்று பார்த்து, பிறகு கமராவை ஐந்து பத்து நிமிசம் வீடியோவில் ஓட விட்டு, பின்பக்கம் கை வைக்க முடியாமல் சுடுகிறதா, பற்றரி படபடவென்று இறங்குகிறதா என்று பாருங்கள். பாவித்த சாம்சங் என்றால் *#0*# அடித்தால் சோதனைத் திரை ஒன்று வரும், அதில் சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரையாக விட்டுப் பார்த்தால் திரையில் எரிந்துபோன தடங்கள் தெரியும்.

இதெல்லாம் பார்த்தாலும் தெரியாமல் போவது இரண்டு. ஒன்று, ஒருமுறை தண்ணி போய் காய்ந்து, அந்த ஒட்டுத் துண்டையும் மாற்றி, இப்போது ஒழுங்காக ஓடுகிற போன். மற்றது, உள்பலகையில் சிப் எடுத்துத் திரும்ப ஒட்டிய போன். இரண்டையும் திறந்து பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தால்தான் எனக்கே தெரியும், கடை மேசையில் வைத்து எந்த வித்துவானாலும் சொல்ல முடியாது. ஒருமுறை திறந்து மூடிய போனில் தண்ணி புகாத தன்மையையும் நம்ப வேண்டாம், ஐபி68 என்று எழுதியிருப்பது தொழிற்சாலையில் இருந்து வந்த ஒட்டுப் பசைக்குத்தான். அந்த ஆபத்துக்குச் சம்மதிக்கிறவர், அதாவது இன்னொரு போனும் கையில் உள்ளவர், அல்லது கலியாண வீட்டு வீடியோ மாதிரி உழைப்புக்கு நல்ல கமரா தேவைப்பட்டு புதுசுக்குக் காசு காணாதவர், ஒன்றிரண்டு வருசம் மட்டும் பழகிய மேல்தட்டு மாடலைத் தெரிந்த இடத்தில் எடுத்தால் நான் தடுக்க மாட்டேன். ஒரே போனில் படிப்பு முழுக்க ஓட வேண்டிய பிள்ளைக்கு, அதுவும் வீட்டை விட்டுத் தள்ளி இருக்கப் போகிறவவுக்கு, நான் அதைச் சொல்ல மாட்டேன்.

80,000ஐயும் போனுக்கே கொட்டவும் வேண்டாம். ஏ16 பெட்டிக்குள் சார்ஜர் வராது, 25 வோட்ஸ் நல்ல சார்ஜர் ஒன்று தனியாக எடுங்கள், ரோட்டோரத்து 500 ரூபாய் சார்ஜர் வேண்டாம். ரெம்பர் கிளாஸ், மூலை தடித்த கவர், மெமரி கார்ட் ஒன்று, மிச்சம் இருந்தால் அவவின் முதல் மாத டேற்றாவுக்கு வையுங்கள். கடையில் நிற்கும்போது சந்தேகம் வந்தால் மாடல் இலக்கத்தையும் ரேமையும் அவர்கள் சொல்லும் விலையையும் இங்கேயே எழுதுங்கள், மேசையில் வேலை இருந்தாலும் இடையில் பார்த்துப் பதில் போடுகிறேன்.